நேவ் செய்த குற்றம் என்ன?

அண்மையில் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் தமிழாக்கம் ஒன்றைப் படிக்க நேர்ந்தது. மொழிபெயர்த்தவர் பெயரும் பதிப்பகத்தின் பெயரும் இங்கே தேவையில்லை. நான் சொல்லவரும் பிழை ஒருவருக்கு மட்டும் உரியது அன்று.

எட்டாம் அத்தியாயத்தில், கொல்லன் வீட்டில் வளரும் சிறுவன் பிப், மிஸ் ஹவிஷாமின் இருண்ட மாளிகையில் எஸ்டெல்லாவோடு சீட்டாடுகிறான். முதல் ஆட்டம் முடிவதற்குள் அந்தப் பெண் அவனை ஏளனம் செய்துவிடுகிறாள். அவன் கைகள் முரடு என்கிறாள். காலணிகள் தடித்தவை என்கிறாள். இவற்றுக்கெல்லாம் முன்னால் அவள் எடுத்துச் சொல்லும் குற்றம் ஒன்று உண்டு. ராஜா, ராணிக்கு அடுத்த படச்சீட்டை அவன் 'ஜாக்' என்று அழைக்கிறானாம்! மேட்டுக்குடியினர் அன்று அதற்கு வழங்கிய பெயர் 'நேவ்'. நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்து, 'நேவ்' என்றால் போக்கிரி என்றிருப்பதைக் கண்டு, அப்படியே எழுதிவிட்டார். விளைவு, பிப் ஏதோ போக்கிரிகளுக்குப் பெயர் சூட்டுகிறவன் ஆகிவிட்டான். ஒரு சொல்லை வைத்து ஒரு சிறுவனின் குலத்தை அளக்கும் அந்தக் கொடூரமான கணம் தமிழில் காணாமல் போயிற்று.

அகராதி பொய் சொல்லவில்லை. 'நேவ்' என்ற சொல்லுக்குப் போக்கிரி, கயவன், அயோக்கியன் என்ற பொருள்கள் உண்டுதான். ஆனால் அந்தப் பொருளை அதற்கு வழங்கியவர் யார் என்ற கேள்வியை அகராதி கேட்பதில்லை. மொழியியல் பாடநூலும் கேட்பதில்லை. அது 'இழிபொருட்பேறு' என்ற பெட்டியில் இச்சொல்லைப் போட்டு மூடிவிடும். நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' இன்று துர்நாற்றத்தை மட்டுமே குறிப்பதுபோல, பையனைக் குறித்த சொல் காலப்போக்கில் கயவனைக் குறிக்கலாயிற்று என்று ஒரு வரி. காலப்போக்கில்! மழையில் நனைந்த சுவர் தானே இடிந்து விழுந்ததுபோல. என் கட்சி இதற்கு நேர் எதிரானது. இந்தச் சொல் தானாக விழவில்லை. தள்ளிவிடப்பட்டது. தள்ளியவர்களின் கைரேகை இன்னும் அதன்மேல் இருக்கிறது.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் 'க்னாஃபா' என்றால் சிறுவன். ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பான 'க்னாபெ' இன்றளவும் சிறுவன்தான். எந்தக் களங்கமும் இல்லை. பதினான்காம் நூற்றாண்டில் சாசர், 'கேண்டர்பரி கதைகள்' நூலில் கிரிசெல்டாவின் கதையைச் சொல்லும்போது, அவளுக்குப் பெண் குழந்தை பிறந்ததையும், ஆண் குழந்தையாக இருந்திருக்கலாமே என்ற ஏக்கத்தையும் குறிப்பிடுகிறார். அங்கே ஆண் குழந்தைக்கு அவர் கையாளும் சொல் 'நேவ்' என்பதைச் சேர்த்து அமைந்ததே. விக்லிஃப் பெயரால் வழங்கும் ஆங்கில விவிலியத்திலும், வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் அந்தப் பெண் பெற்றெடுப்பது அதே 'நேவ்' குழந்தையைத்தான்.

சிறுவன் என்ற சொல் ஏவலாளுக்கு ஆகி வந்தது இரண்டாம் படி. வீட்டு வேலை செய்பவன் எத்தனை வயதானவனாக இருந்தாலும் 'பையன்'தான் என்பது எல்லா ஆண்டைகளுக்கும் பொதுவான இலக்கணம். அதிலிருந்து மூன்றாம் படி: ஏவலாள் என்றால் ஏமாற்றுக்காரன். பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குள் இந்தப் பொருளும் வந்துவிட்டது. மூன்று பொருள்களும் சில நூற்றாண்டுகள் ஒரே சொல்லில் ஒன்றாகக் குடியிருந்தன.

இந்தக் கூட்டுக்குடித்தனத்தைக் காண 'கிங் லியர்' நாடகத்தைவிட நல்ல இடம் இல்லை. முதல் அங்கத்தில் லியர் மன்னன் தன் விதூஷகனையும், மாறுவேடத்தில் வந்திருக்கும் கெண்ட் பிரபுவையும் 'நேவ்' என்று வாஞ்சையோடு அழைக்கிறான். இரண்டாம் அங்கத்தில் அதே கெண்ட், கானரிலின் காரியஸ்தனான ஆஸ்வால்டை வசைமாரியால் நனைக்கும்போது, அந்த மாரியில் மீண்டும் மீண்டும் விழும் துளி இதே 'நேவ்'. ஓரிடத்தில் கொஞ்சல், மற்றோரிடத்தில் வசை. இரண்டு இடங்களிலும் மாறாதது ஒன்று: சொல்பவன் பிறப்பால் மேலே இருக்கிறான், கேட்பவன் ஏவல் செய்யும் இடத்தில் நிற்கிறான். கொஞ்சுவதா ஏசுவதா என்று தீர்மானிக்கும் உரிமை மேலே இருப்பவனுக்கே.

'சொற்கள் தேய்வது இயற்கைதானே' என்பவர்களுக்கு என்னிடம் ஒரு கேள்வி உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'க்னாஃபா'வுக்குப் பக்கத்திலேயே 'க்னிஹ்ட்' என்றொரு சொல் இருந்தது. அதன் பொருள் என்ன? சிறுவன், இளைஞன், பணியாள். ஏறத்தாழ அதே பொருள். ஜெர்மன் மொழியில் அதன் இணையான 'க்னெஹ்ட்' பண்ணையாளையும் வேலைக்காரனையும் குறித்தது. இங்கிலாந்திலோ அது 'நைட்' ஆயிற்று! வாளேந்திய வீரன், அரசன் தோளைத் தொட்டு வழங்கும் பட்டம், ஆர்தர் மன்னனின் வட்டமேசையைச் சுற்றி அமர்ந்த மாவீரர் கூட்டம். ஒரே மண், ஒரே காலம், ஒரே பொருள். ஒன்று வீரனாயிற்று, மற்றொன்று கயவனாயிற்று. இயற்கை ஏன் ஒருகண்ணில் வெண்ணெயும் மறுகண்ணில் சுண்ணாம்பும் வைத்தது?

விடை கடினமானது அன்று. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், பிரபுக்களின் படையில் குதிரையேறிப் போர் புரிந்த பணியாளுக்கு 'க்னிஹ்ட்' என்ற பெயர் நிலைத்தது. அவனுக்கு நிலம் கிடைத்தது. நிலத்தோடு மதிப்பும் வந்தது. 'க்னாஃபா'வுக்குக் கிடைத்தது அடுக்களையும் தொழுவமும். உயர்ந்தது சொல் அன்று. அதற்கு உரியவன் குதிரையேறினான், அவ்வளவே.

'நேவ்' தனியாகவும் இல்லை. 'வில்லன்' என்று நாம் திரைப்படங்களுக்கு வரவழைத்துக்கொண்ட சொல், பண்ணையைச் சார்ந்து உழைத்த குடியானவனைக் குறித்தது. 'சர்ல்' என்றால் இன்று முரடன். அதன் மூலமான 'சேயோர்ல்' தாழ்ந்த நிலையில் இருந்த சுதந்திர மனிதன். மேற்குச் சாக்சன் சட்டத்தில் அவன் கொல்லப்பட்டால் கொடுக்கவேண்டிய உயிர்விலை 200 ஷில்லிங்; பிரபுவுக்கு 1200. 'பூர்' என்றால் நாகரிகமற்றவன். டச்சு மொழியில் உழவன். உழுதவன், கூலிக்காரன், எடுபிடி என எல்லாரும் வரிசையாக வசைச்சொற்கள் ஆனார்கள். எதிர்த்திசையில் 'லார்ட்' என்ற சொல்லைப் பாருங்கள். அதன் பழைய வடிவத்தின் நேர்ப்பொருள் ரொட்டியைக் காப்பவன். அவனை அண்டிப் பிழைத்தவனுக்கு 'ரொட்டி தின்பவன்' என்று ஒரு சொல் இருந்தது. பணியாட்களில் திருடர் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். பிரபுக்களிலும் இருந்தார்கள், அவர்கள் திருடியது சில ரொட்டிகளை அன்று, நாடுகளை. ஆனாலும் 'லார்ட்' என்றால் திருடன் என்று எந்த அகராதியும் சொல்வதில்லையே!

சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட 'ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்' நூலில் இந்த நிகழ்வுக்கு ஒரு பெயர் சூட்டினார். நிலையைக் குறிக்கும் சொற்கள் ஒழுக்கத்தைக் குறிக்கும் சொற்களாக மாறுவது என்று அதைச் சுருக்கிச் சொல்லலாம். பெயர் பொருத்தமானது. ஆனால் இதை வெறும் மேட்டிமைத்தனம் என்று தள்ளிவிட முடியாது என்பது அவர் வாதம். உயர்குடியினரிடம் எதிர்பார்க்கப்பட்ட கண்ணியம் எல்லாருக்கும் ஓர் இலட்சிய அளவுகோலாக நின்றது. அதிலிருந்து வழுவியவனைத் தாழ்ந்த நிலையின் பெயரால் அழைத்தனர் என்கிறார். லூயிஸின் புலமைக்கு முன் நான் எம்மாத்திரம்? ஆயினும் கேட்கத் தோன்றுகிறது. அந்த அளவுகோலைச் செய்தவர் யார்? அளக்கப்பட்டவனிடம் யாராவது கேட்டார்களா? கேட்டிருக்க முடியாது. 'நேவ்' எழுதத் தெரியாதவன். எழுதத் தெரிந்தவரும் எழுதுவித்தவரும் அவனுடைய எசமானர்கள். ஒரு தரப்பு மட்டும் சாட்சி சொன்ன வழக்கின் தீர்ப்பு நமக்கு அகராதியாகக் கிடைத்திருக்கிறது.

இனிச் சீட்டுக்கட்டுக்கு வருவோம். அங்கேதான் இந்த அநீதி படமாகவே வரையப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவுக்குச் சீட்டு வந்தது பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1377இலேயே அதைப் பற்றிய பதிவுகளும் தடைகளும் கிடைக்கின்றன. அதற்கு முன்னோடியான எகிப்திய மம்லுக் சீட்டுகளில் மூன்று உயர்சீட்டுகள் இருந்தன: அரசன், அரசனின் பிரதிநிதி, இரண்டாம் பிரதிநிதி. நம் கதாநாயகனின் மூதாதை ஏவலாள் அல்லன், ஓர் அதிகாரி! இத்தாலியில் அவன் 'ஃபான்டெ', அதாவது காலாள் வீரன், ஆனான். பிரான்சில் 'வாலே'. அந்தச் சொல் அக்காலத்தில் பிரபு வீட்டில் போர்ப்பயிற்சி பெறும் இளைஞனையும் குறித்தது. பிரெஞ்சுக் கட்டில் நான்கு வாலேக்களுக்கும் பெயர்கள் உண்டு: ஹெக்டர், லான்சலாட், ஓஜியே, லா ஹீர். டிராய் நகரத்து வீரன் ஒருவன், வட்டமேசை வீரன் ஒருவன், சார்லமேன் கதைகளில் வருபவன் ஒருவன், ஜோன் ஆஃப் ஆர்க்கின் தோழன் ஒருவன்.

இதே பிரெஞ்சுக் கட்டைத்தான் ரூவான் நகரிலிருந்து இங்கிலாந்து பெற்றுக்கொண்டது. படங்களை வாங்கியவர்கள் பெயர்களை விட்டுவிட்டார்கள். லான்சலாட்டும் ஹெக்டரும் ஆங்கிலக் கால்வாயைக் கடந்ததும் 'நேவ்' ஆனார்கள். பதினாறாம் நூற்றாண்டில் சீட்டின் பெயராக அச்சொல் பதிவாகிவிட்டது. அதற்குள் அதில் வசையின் வாடை ஏறிவிட்டிருந்தது என்பதை மறக்கக்கூடாது.

வேடிக்கை என்னவென்றால் ஆட்டக்காரர்கள் இந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்கவில்லை. 'லூ' என்ற ஆட்டத்தில் கிளாவர் நேவுக்குப் 'பாம்' என்று பெயர்; அவனை வெல்ல ராஜாவாலும் ராணியாலும் ஆகாது. அலெக்சாண்டர் போப் தம் 'ரேப் ஆஃப் த லாக்' காவியத்தில் அதை நினைவுகூர்கிறார். 'ஆல் ஃபோர்ஸ்' என்ற எளியோர் ஆட்டத்தில் துருப்பு இனத்து நேவுக்கு 'ஜாக்' என்ற பெயர் வழங்கியது. சார்ல்ஸ் காட்டன் 1674இல் வெளியிட்ட 'கம்ப்ளீட் கேம்ஸ்டர்' நூலிலேயே அந்த ஆட்டம் வருணிக்கப்பட்டிருக்கிறது. ஜாக் என்பது ஜான் என்ற பெயரின் செல்லவடிவம். தெருவில் போகும் எந்தச் சாமானியனையும் அழைக்கும் பெயர். மதுக்கடையில் அமர்ந்து ஆடியவர்கள் தங்களில் ஒருவன் பெயரையே அந்தச் சீட்டுக்குச் சூட்டினார்கள் என்று நான் வாசிக்கிறேன். மாளிகைகளில் அது 'நேவ்'. இந்த இரண்டு உலகங்களும் மோதும் இடம்தான் எஸ்டெல்லாவின் ஏளனம். தங்கள் வர்க்கம் ஏவலாளுக்குக் கொடுத்த வசையைச் சொல்லாமல், அவனுக்கு ஒரு மனிதப் பெயரைக் கொடுத்துவிட்டான் பிப். அதுதான் அவன் செய்த குற்றம்.

டிக்கன்ஸின் நாவல் வெளிவந்தது 1860–61இல். 1864இல் அமெரிக்காவில் சாமுவேல் ஹார்ட் வெளியிட்ட கட்டில் இந்தச் சீட்டுக்கு 'ஜே' என்ற எழுத்து இடப்பட்டது. நேவுக்கு உரிய இரண்டெழுத்துச் சுருக்கம் ராஜாவின் எழுத்தில் தொடங்கியதால் குழப்பம் விளைந்தது. அந்தக் குழப்பத்தை 'ஜே' தீர்த்தது. எஸ்டெல்லாவின் சொல் மறைய, பிப்பின் சொல் உலகெங்கும் பரவிற்று. நம் திண்ணைகளுக்கும் அதுவே 'ஜாக்கி'யாக வந்து சேர்ந்தது. தமிழரிடையே வழங்கும் 304 ஆட்டத்தை ஆடியவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை: அங்கே ஜாக்கிக்கு முப்பது புள்ளி, ராஜாவுக்கு மூன்றே மூன்று.

ஆட்டமேசையில் கிடைத்த இந்த நியாயம் அகராதியில் இன்னும் கிடைக்கவில்லை. நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'நேவ்' என்று கண்டவுடன் போக்கிரி என்றோ, இன்னும் மோசமாகக் 'கீழ்மகன்' என்றோ எழுதுகிறார்கள். 'கீழ்' என்ற இடச்சொல் நம் மொழியிலும் ஒழுக்கச்சொல் ஆகியிருக்கிறது; திருக்குறளின் கயமை அதிகாரத்திலேயே அதைக் காணலாம். ஆகவே ஆங்கிலேயரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நமக்கு இல்லை. அவர்களுடைய பழைய தீர்ப்பை நம்முடைய பழைய தீர்ப்பால் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம். நான் வேண்டுவது அதிகமில்லை. லியர் அழைக்கும்போது 'பயலே' என்று எழுதுங்கள். கெண்ட் ஏசும்போது ஓர் ஏவலாளை ஏசும் தொனியைக் கொண்டுவாருங்கள். எஸ்டெல்லா சிரிக்கும் இடத்தில் 'நேவ்', 'ஜாக்' என்ற இரண்டு பெயர்களையும் அப்படியே விட்டுவையுங்கள். சொல்லின் பொருளோடு, அதைச் சொல்பவன் எங்கே நிற்கிறான் என்பதும் வாசகனுக்குத் தெரியவேண்டும்.

லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட 'ஆலிஸ்' கதையின் இறுதியில் ஆட்டின் நேவ் குற்றவாளியாக நிற்கிறான். ராணியின் பலகாரங்களைத் திருடினானாம். நீதிபதி, ராஜா. சாட்சியாகக் கொண்டுவரப்படும் கடிதத்தில் அவன் கையெழுத்தும் இல்லை, கையொப்பமும் இல்லை. தான் அதை எழுதவில்லை என்கிறான். கையொப்பமிடாதது குற்றத்தை இன்னும் மோசமாக்குகிறது என்கிறார் ராஜா. யோக்கியனாக இருந்தால் கையொப்பம் இட்டிருப்பான் அல்லவா! குழந்தைகள் சிரிப்பதற்காக எழுதப்பட்ட காட்சி. 'நேவ்' என்ற சொல்லின் எழுநூறு ஆண்டு வரலாற்றுக்கு இதைவிடச் சுருக்கமான உரை எனக்குத் தெரியாது.