காப்பீட்டில் யார் மூன்றாம் நபர்?

ஐதராபாத் ராமச்சந்திராபுரத்தில் பெல் ஆலையை ஒட்டி மும்பை நெடுஞ்சாலை செல்கிறது. பட்டான்செரு தொழிற்பேட்டையில் பாடுபடுவோர் பலர் அச்சாலையைக் கால்நடையாகக் கடந்தே வேலைக்குப் போகின்றனர். அவர்களில் ஒருவர்மீது கார் மோதினால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை, அவர் ஒருநாளும் பார்த்திராத ஒரு காகிதம் தீர்மானிக்கிறது. அது கார் உரிமையாளரின் காப்பீட்டுப் பாலிசி.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டுக்கு இதில் உச்சவரம்பு கிடையாது. காரின் சொந்தச் சேதம், திருட்டு, வெள்ளம் ஆகியவற்றுக்கான காப்பீடோ உரிமையாளரின் விருப்பம். இரண்டும் இணைந்ததே முழுமைக் காப்பீடு. 2020 அக்டோபர் வெள்ளத்தில் ஐதராபாத்தில் கார்கள் மூழ்கியபோது, கட்டாயக் காப்பீடு மட்டுமே வைத்திருந்தோர் பழுதுச் செலவைத் தாமே சுமக்க வேண்டியிருந்தது.

பலரும் அறியாதது இன்னொன்று உண்டு. சொந்தக் காரில் உடன் அமர்ந்து செல்லும் நண்பரோ உறவினரோ கட்டாயக் காப்பீட்டின் பொருளில் மூன்றாம் நபர் அல்லர். அவருக்குப் பாதுகாப்பு முழுமைக் காப்பீட்டில்தான். மாநாட்டுக்கு ஒரே காரில் நெருக்கியமர்ந்து செல்லும் நம் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நடந்து செல்பவரின் உரிமைக்கு வருவோம். 2019 திருத்தச் சட்டத்தின் வழியே, 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு தாக்கலாக வேண்டும் என்ற வரம்பு வந்தது. 1994இல் நாடாளுமன்றமே நீக்கிய வரம்பு இது! இத்துடன் மற்றொரு கண்ணியும் உண்டு. யார் தவறு என்று நிரூபிக்காமலே, உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் பெற 164ஆவது பிரிவு வழிசெய்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிறுவனம் நீட்டும் அத்தொகையை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் உள்ள மனு காலாவதியாகிவிடும். ஈமச்செலவுக்கே கடன்பட்ட குடும்பம் வேறென்ன செய்யும்?

ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த ஒப்பந்தத் தொழிலாளி இறந்தால், உடல் ஊருக்குப் போய்விடுகிறது. தாம் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனுச்செய்யலாம் என்று சட்டம் இடமளிப்பதை அவர் மனைவிக்கு யார் சொல்வது? காப்பீட்டு நிறுவனம் சொல்லப்போவதில்லை.

ஆறு மாத வரம்பை ஒன்றிய அரசு நீக்க வேண்டும். அதுவரை, விபத்து நடந்த அன்றே வண்டியின் பதிவெண்ணையும் காப்பீட்டு விவரத்தையும் குறித்துக்கொண்டு, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெற்றுக் குடும்பத்திடம் சேர்க்கும் பணியைத் தொழிற்பேட்டைச் சங்கங்கள் மேற்கொள்ள வேண்டும்.