உம்ரா பெக்கேஜின் விலையும் குடும்பத்தின் உண்மையான கணக்கும்

நோர்வூட் டவுனில் கடை வைத்திருப்பவருக்கு மாதத்தில் வியாபாரம் சூடுபிடிப்பது, தோட்டச் சம்பளம் கைக்கு வரும் 10ஆம் திகதியை ஒட்டிய சில நாட்களில்தான். மற்ற நாட்களில் கல்லாவை விடக் கடன் கொப்பிதான் நிறைகிறது. இந்த வருமானத்தை வைத்துக்கொண்டுதான் மலையக முஸ்லிம் குடும்பங்கள் பல, பிள்ளைகளோடு ஒருமுறை உம்ராவுக்குப் போய் வர நிய்யத் வைக்கின்றன. நிய்யத் நல்லது. பணக் கணக்கு மட்டும் பெரும்பாலும் பிழைத்துப் போகிறது.

முதல் பிழை, ரூபாவில் கணக்குப் போடுவது. சவூதி ரியால் 1986 முதல் ஒரு டொலருக்கு 3.75 என்ற விகிதத்தில் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே டொலர் ஏறினால் ரியாலும் ஏறும். 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் சுமார் 200 ரூபா. ரியால் 53 ரூபா. அதே ஆண்டு மே மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டது. ரியால் 96 ஆனது. நான்கு பேர் கொண்ட குடும்பம் அங்கே செலவுக்கு 6,000 ரியால் ஒதுக்கியிருந்தால், 3,18,000 ரூபாவாக இருந்த தேவை இரண்டே மாதங்களில் 5,76,000 ரூபா ஆகியிருக்கும். அந்த ஆண்டு இலங்கைக்கு 1,585 ஹஜ் கோட்டா கிடைத்தும், டொலர் நெருக்கடியால் யாரையும் அனுப்புவதில்லை என்று முகவர்கள் முதலில் அறிவித்ததை மறந்திருக்க மாட்டோம்.

நம் கடைகளை வாழவைக்கும் தோட்டத் தொழிலாளியின் கூலியை ரியாலில் மாற்றிப் பாருங்கள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா. அன்று அது ஏறக்குறைய 19 ரியால். 2024 செப்டம்பரில் 1,350 ரூபா ஆக்கப்பட்டது. அது 17 ரியாலுக்கும் குறைவு. கூலி கூடியும் அன்று மதிப்புக் குறைந்திருந்தது. அதை நம்பியிருக்கும் கடைக்காரரின் சேமிப்புக்கும் இதே கதிதான். எனவே பயணத்துக்குத் தேவையென நினைக்கும் தொகைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாகச் சேர்ந்த பிறகே திகதி குறிப்பது நல்லது.

இரண்டாவது பிழை, விளம்பரத்தில் உள்ள விலையே மொத்தச் செலவு என்று நம்புவது. ஹட்டன் வழியாகக் கட்டுநாயக்க வரை வேன் கூலி, கடவுச்சீட்டுக்கான அலைச்சல், கடை பூட்டிக் கிடக்கும் இரண்டு வாரங்கள், இவை எதுவும் அந்த விலையில் இல்லை. எல்லாவற்றையும் விடப் பெரியது நாமே உண்டாக்கிக்கொண்ட செலவு. போகும் முன் பயணம் சொல்லும் விருந்து. வந்த பின் வீட்டுக்கு வீடு முஸல்லா, தஸ்பீஹ், அத்தர், பேரீச்சம்பழம். உம்ராவின் எந்த ருக்னிலும் இது இல்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில்தான் இதைச் செய்கிறோம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஜும்ஆவுக்குப் பின் ஒருமுறை இதை எடுத்துச் சொன்னாலே பல குடும்பங்களின் சுமை இறங்கும்.

முகவரிடமும் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பதிவு உண்டா? ஹோட்டல் ஹரமிலிருந்து எவ்வளவு தூரம்? சாப்பாடு எத்தனை வேளை? டொலர் ஏறினால் மேலதிகப் பணம் கேட்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள். ரமழானின் கடைசிப் பத்தில் ஹோட்டல் வாடகை உச்சத்தில் இருக்கும். சிக்கனம் தேவைப்படுவோர் வேறு மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை.

மூன்றாவது பிழைதான் ஆபத்தானது: கடன். நகையை வட்டிக்கு அடகு வைத்தும், கடை முதலை எடுத்தும் போய் வந்து, பிறகு சரக்குப் போட வழியில்லாமல் தவிப்போர் நம்மிடையே இருக்கிறார்கள். ஹஜ்ஜே சக்தி பெற்றவர் மீதுதான் கடமை. அப்படியிருக்க, உம்ராவுக்காக வட்டியில் விழுவது எந்த வகையில் இபாதத் ஆகும்?

மலேசியக் கிராமத்து மக்கள் ஒரு காலத்தில் ஹஜ்ஜுக்காக நிலத்தையும் மாட்டையும் விற்றார்கள். அதைக் கண்ட பொருளியல் அறிஞர் உங்கு அஸீஸ் 1959இல் முன்வைத்த யோசனையிலிருந்து 1963இல் பிறந்ததே இன்றைய தாபூங் ஹாஜி. வட்டியில்லாமல், சிறுகச் சிறுகச் சேமிப்பதே அதன் அடிப்படை. அவ்வளவு பெரிய நிறுவனம் நமக்கு முடியாது. ஆனால் ஒவ்வொரு 10ஆம் திகதி வியாபாரத்திலிருந்தும் ஒரு தொகையை ஒதுக்கி, வட்டியில்லாக் கணக்கில் போட முடியும். அந்தச் சேமிப்பு நிஸாபை எட்டி ஓராண்டு கடந்தால் அதற்கும் ஸகாத் உண்டு என்பதே பெரும்பாலான உலமாக்களின் நிலைப்பாடு. அதையும் கணக்கில் சேருங்கள்.

ஏற்கெனவே போய் வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 நவம்பரில் டித்வா புயல் நம் மலைகளைச் சரித்துப் போட்டது. மூன்றாவது, நான்காவது உம்ராவுக்கு வைத்திருக்கும் பணத்தில், வீடிழந்த அயலவருக்கும் பங்கு உண்டா என்று ஒருமுறை யோசியுங்கள்.

கடனில்லாமல் போய், கடை திறந்திருக்கும் வீட்டுக்குத் திரும்பி வரும் பயணத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் நஸீபாக்குவானாக.