மீன் போயிட்டா சுறா என்ன பண்ணும்?

இந்த வாரம் சீட்டுக்கட்டு மேட்டர். ‘ஐயய்யோ, ஹெச்.ஓ.டி. பார்த்தா இன்டர்னல் மார்க்ல கை வெச்சுடுவாரே’ன்னு பதறாதீங்க. ஆடச் சொல்லித் தரப் போறதில்லை. ஆன்லைன் போக்கரை வெச்சே பொழப்பு ஓட்டினவங்க, அதுக்குப் பூட்டு விழுந்ததும் என்ன பண்றாங்கங்கறதுதான் கதை.

2025 ஆகஸ்ட் 20-ம் தேதி லோக்சபா, 21-ம் தேதி ராஜ்யசபா, 22-ம் தேதி ஜனாதிபதி கையெழுத்து. மூணே நாள்! நம்ம ரீவேல்யுவேஷன் ரிசல்ட் என்னிக்காவது இந்த வேகத்துல வந்திருக்கா? ஆன்லைன்ல பணம் கட்டி ஆடற ஆட்டம் எதுவா இருந்தாலும் கூடாது, திறமையா அதிர்ஷ்டமாங்கற கேள்வியே கிடையாதுன்னு சட்டம். நடத்தறவங்களுக்கு 3 வருஷம் வரை ஜெயில், 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் பண்ணினா 2 வருஷம், 50 லட்சம். பணப் பரிமாற்றத்துக்கு உதவற பேங்கும் மாட்டும். போக்கர்பாஸி, அட்டா52 மாதிரி தளங்கள் உடனே காசு ஆட்டத்தை நிறுத்திட்டாங்க.

கவனிச்சீங்களா? ஆடறவனுக்குத் தண்டனையே இல்லை. அப்புறம் எதுக்கு ப்ரொஃபஷனல் பிளேயர்ஸ் அலறணும்?

அதுக்கு முன்னாடி நம்ம ஊர் ஃப்ளாஷ்பேக். 2020 நவம்பர்ல தமிழ்நாடு அவசரச் சட்டம் போட்டுத் தடை பண்ணுச்சு. 2021 ஆகஸ்ட்ல சென்னை ஹைகோர்ட் அதை ரத்து பண்ணுச்சு. அப்புறம் தற்கொலைகள் வரிசையா வர, 2022-ல நீதிபதி சந்துரு கமிட்டி, திரும்ப அவசரச் சட்டம், சட்டசபையில மசோதா. கவர்னர் திருப்பி அனுப்ப, சட்டசபை மறுபடியும் நிறைவேற்ற, 2023 ஏப்ரல்ல சட்டம் ஆச்சு. அதே வருஷம் நவம்பர்ல ஹைகோர்ட், ‘சட்டம் இருக்கட்டும், ஆனா ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்தான்’னு அந்த ரெண்டையும் வெளியே எடுத்துடுச்சு. 2025 பிப்ரவரியில ராத்திரி 12 மணியிலேர்ந்து காலை 5 வரை ஆடக் கூடாதுன்னு விதி. அதை ஜூன்ல கோர்ட்டும் ஏத்துக்கிச்சு. படிக்கிற உங்களுக்கே மூச்சு வாங்குதுல்ல?

முதல் தடை வந்தப்போ தப்பிக்கற வழி சுலபமா இருந்துச்சு. தமிழ்நாட்டுக்குள்ளதானே பூட்டு? பெட்டியைக் கட்டிக்கிட்டு பெங்களூரு பஸ் ஏறினா போதும். 2025-ல ஏறுறதுக்கு பஸ்ஸே இல்லை. நாடு பூரா பூட்டு.

எங்க காட்டுப்பாக்கத்துல, மெட்ரோ தூண் ஓரமா உள்ளே போற ஒரு சந்துல, ஒரு சீனியர் அண்ணன் ரூம் எடுத்துத் தங்கியிருக்கார். மெக்கானிக்கல் முடிச்சவர். ரெண்டு மானிட்டர், நாலு டேபிள், ராத்திரி ஷிஃப்ட். வீட்டுல ‘ஐ.டி. கம்பெனி’ன்னு சொல்லி வெச்சிருந்தார். இவர்கிட்டதான் கணக்கு கேட்டேன். நம்ம ப்ராபபிலிட்டி பேப்பர் சிலபஸுக்குள்ளேயே அடங்குது!

நல்ல பிளேயர் ஒருத்தர் 100 ஆட்டத்துக்கு சராசரியா 5 பிக் பிளைண்ட் ஜெயிக்கறார்னு வைங்க (பிக் பிளைண்ட்னா ஒவ்வொரு ஆட்டத்துலயும் கட்டாயமா வைக்கற பெரிய பந்தயம்). அதே 100 ஆட்டத்துக்கு ஸ்டாண்டர்ட் டீவியேஷன் சுமாரா 90. அப்போ 10,000 ஆட்டத்துல எதிர்பார்க்கற லாபம் 500, டீவியேஷன் 900. நார்மல் டேபிளைப் புரட்டிப் பாருங்க... கில்லாடியா ஆடியும் 10,000 ஆட்டத்துக்கு அப்புறம் நஷ்டத்துல நிக்க 29 சதவிகித சான்ஸ்! இதுல ஒவ்வொரு ஆட்டத்துலயும் கம்பெனி எடுக்கற ரேக், 2023-லேர்ந்து ஜெயிச்ச காசுல 30 சதவிகிதம் டி.டி.எஸ்., கட்டற காசுக்கு 28 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வேற இருந்துச்சு.

ஸோ, ப்ரொஃபஷனலுக்கு உயிர்நாடி எண்ணிக்கை. வீட்டுல உக்காந்து நாலு டேபிள்ல ஒரு மணி நேரத்துக்கு 300 ஆட்டம் ஓட்டலாம். 10,000 ஆட்டம் ஒரு வாரத்துல முடிஞ்சுடும். ‘கோவாவுக்குப் போய் மாண்டோவி ஆத்துல மிதக்கற கேசினோ கப்பல்ல நேர்ல ஆட வேண்டியதுதானே?’ன்னு கேட்டேன். ‘டேய், அங்கே சீட்டைக் கலைச்சுப் போட்டு ஆடினா மணிக்கு 25, 30 ஆட்டம்தான்டா வரும்’னார். நானே வகுத்துப் பார்த்தேன். தினம் 8 மணி நேரம் உக்காந்தாலும் அதே 10,000-க்கு 40 நாளுக்கு மேல ஆகும். ரூம் வாடகை, சாப்பாடு தனி.

அடுத்த வழி, நாட்டை விட்டே போறது. அமெரிக்காவுல இது நடந்துச்சு. 2003-ல கிறிஸ் மணிமேக்கர்னு ஒரு அக்கவுன்டன்ட் (நிஜமாவே அதான் பேரு!), 86 டாலர் கட்டி ஆன்லைன்ல தகுதி பெற்று உலகப் போட்டியில 25 லட்சம் டாலர் தட்டினார். அவரைப் பார்த்து ஊரே போக்கர்ல குதிச்சுது. 2006 அக்டோபர்ல ஒரு சட்டம் வந்துச்சு. அதுவும் ஆடறவனைத் தொடலை, பேங்க் வழியைத்தான் அடைச்சுது. பார்ட்டிபோக்கர் அமெரிக்கர்களுக்குக் கடையை மூட, அந்தக் கம்பெனி ஷேர் ஒரே நாள்ல பாதிக்கு மேல விழுந்துச்சு. 2011 ஏப்ரல் 15-ல மிச்சமிருந்த பெரிய தளங்களையும் அரசு முடக்க, பல ப்ரொஃபஷனல்ஸ் கனடா, மெக்சிகோன்னு குடி பெயர்ந்தாங்க. அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு அது முடியும். காட்டுப்பாக்கத்து அண்ணன் எந்த விசாவுல போவார்?

விபிஎன் போட்டு வெளிநாட்டுத் தளத்துல ஆடற ஐடியாவும் சுத்திட்டுதான் இருக்கு. 2011-ல முடங்கின ஃபுல் டில்ட் தளத்துல பணம் வெச்சிருந்த அமெரிக்கர்களுக்கு அது திரும்ப வர ஆரம்பிச்சதே 2014-லதான். அங்கே வாங்கிக் கொடுக்க அரசாங்கமாவது நின்னுச்சு. திருட்டுத்தனமா ஆடின காசு மாட்டினா நீங்க எந்த ஸ்டேஷன்ல போய் கம்ப்ளெயின்ட் கொடுப்பீங்க?

ஆனா அண்ணனோட நிஜக் கவலை இது எதுவுமே இல்லை. ‘மீன் வராதுடா’ங்கறார். போக்கர் பாஷையில சும்மா ஜாலிக்கு ஆடித் தோக்கறவன் ‘ஃபிஷ்’. பேங்க் வழி அடைஞ்சா முதல்ல காணாமப் போறது இவன்தான். விபிஎன், கிரிப்டோன்னு இவன் மெனக்கெடவே மாட்டான். மிஞ்சறது சுறாக்கள் மட்டும். நாலு சுறா ஒரே டேபிள்ல உக்காந்தா ரேக் எடுக்கற கம்பெனிக்கு மட்டும்தான் லாபம். ப்ரொஃபஷனலை ஜெயில்ல போடாமலே சட்டம் அவர் தொழிலை முடிச்சது இப்படித்தான்.

அந்த மீன் யாரு? சம்பளம் வந்த அன்னிக்கு ஆப்பைத் திறந்தவன், நம்ம ஹாஸ்டல்ல செமஸ்டர் ஃபீஸை வெச்சு ஆடினவன். 1967-லேயே சுப்ரீம் கோர்ட் ரம்மியைத் திறமை ஆட்டம்னு சொல்லிச்சு, கம்பெனிகள் எல்லா வழக்குலயும் அதைத்தான் தூக்கிட்டு வந்தாங்க. புது மத்திய சட்டத்தை எதிர்த்த வழக்குகளை 2025 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் தன்கிட்டயே மாத்திக்கிட்டப்போவும் மையத்துல இருந்தது இந்தக் கேள்விதான். எனக்கு அந்த வாதமே திகிலா இருக்கு. சுத்த அதிர்ஷ்டம்னா எவனும் என்னிக்காவது ஜெயிப்பான். திறமைன்னா, திறமை கம்மியா இருக்கறவன் ஆட ஆடத் தோத்தே தீரணும். அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். ‘அது தெரிஞ்சுதான்டா வேலையை விட்டேன்’னார், கொஞ்சம்கூட அசராம.

இப்போ பகல்ல வேலை தேடறார். ரெஸ்யூமில ரெண்டு வருஷ கேப். இன்டர்வியூல என்ன சொல்றதுன்னு இன்னும் முடிவு பண்ணலை. ராத்திரி அதே ரெண்டு மானிட்டர்ல ஆப்ஷன் டிரேடிங் சார்ட் ஓடுது. 2022 முதல் 2024 வரையிலான மூணு நிதியாண்டுகள்ல எஃப் அண்ட் ஓ-ல இறங்கின தனிநபர்கள்ல 93 சதவிகிதம் பேருக்கு நஷ்டம்னு செபி 2024 செப்டம்பர்ல கணக்கு கொடுத்துச்சே, அதைப் போன்ல எடுத்துக் காட்டினேன்.

‘படிச்சேன்டா. மீதி 7 இருக்குல்ல?’ங்கறார்.