நாரி நோவும் ஊசி வைத்தியமும்

செங்கலடிப் பக்கம் இடம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் நமது விவசாயக் குடும்பங்களில் நாரி நோவு இல்லாத வீடு குறைவு. சொந்த வட்டையில் வேளாண்மை செய்தவர்கள் கூலிக்கு மூட்டை சுமக்கிறார்கள். ஒரு கிழமை வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஊசி குத்தினால் முள்ளந்தண்டு மூட்டு நோ பறந்துவிடும் என்று யாரும் சொன்னால், தோட்டை அடைவு வைத்தாவது போகத் தோன்றும். போகுமுன் சற்று யோசிப்போம்.

அக்குபங்சர் எனும் இச்சீன வைத்தியம் நம் நாட்டுக்குப் புதிதன்று. 2005இல் காலமான டாக்டர் அன்ரன் ஜயசூரிய, களுபோவிலை அரசாங்க வைத்தியசாலையில் இதைப் பல ஆண்டுகள் செய்தார். வெளிநாட்டவரும் அவரிடம் கற்றனர்.

பலன் உண்டா? ஜேர்மனியில் நாட்பட்ட நாரி நோவுள்ள 1,162 பேரிடம் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. ஆறு மாதத்தின் பின், உரிய புள்ளிகளில் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 48 பேர் வரை சுகம் கண்டனர். புள்ளி பாராது மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44 பேர். மருந்தும் பயிற்சியும் பெற்றவர்களில் 27 பேர். ஆகவே ஆறுதல் கிடைப்பது உண்மை. ஆனால் அது புள்ளிகளின் மகிமை என்பது மிகை. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டிக் குழு 2009இல் நாரி நோவுக்கு இதைப் பரிந்துரைத்து, 2016இல் கைவிட்டது. தேய்ந்த மூட்டை எந்த ஊசியும் புதுப்பிக்காது.

எனது கருத்து இதுதான்: ஊசி வைத்தியம் துணையாக இருக்கட்டும், வைத்தியசாலைக்குப் பதிலாக வேண்டாம். கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ, சலம் அடைத்தாலோ அறியாமல் போனாலோ அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்த முதுகு நோ முள்ளந்தண்டுக் காசநோயாகவும் இருக்கலாம். விடியற்காலையில் முதுகு விறைத்து, நடமாட நடமாட இளகும் இளவயதினருக்கு மூட்டு அழற்சி உண்டா என்று பார்க்கவேண்டும். இவற்றை அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகவே காட்டலாம்.

ஊசி போடுவதானால், புதிய ஊசியை உங்கள் கண்முன்னே உறை பிரிக்கச் சொல்லுங்கள். பழைய ஊசியால் ஈரல் நோய் தொற்றும். சில தடவைகளில் குறையாவிட்டால் நிறுத்துங்கள், கடன்பட வேண்டாம்.

படுத்தே கிடப்பதும் மருந்தன்று. நடவுங்கள், மூட்டையை இருவராகத் தூக்குங்கள். நாரிக்கான பயிற்சிகளைக் கிராமத்திலேயே கற்பிக்கும்படி உங்கள் சங்கத்தின் மூலம் சுகாதாரப் பகுதியினரைக் கேளுங்கள். நோவைச் சுமப்பது நமது தலைவிதியல்ல.