பேயைப் பிடிங்க, பயத்தைக் கூறு போடாதீங்க!

2001-இல் கேம்கியூபுக்கு வந்த 'லூயிஜீஸ் மேன்ஷன்' ஞாபகம் இருக்கிறதா? வேக்யூம் கிளீனரால் பேய் பிடிக்கிற விளையாட்டு. கண்ணாடி முன் தலைவாரும் லிடியா, திரைச்சீலை விலகிக் காற்று வந்தால்தான் திரும்புவாள். அந்த நொடியில் டார்ச் அடிக்க வேண்டும். கவனிப்பவனுக்குத்தான் பேய் சிக்கும்!

2013-இல் 'டார்க் மூன்' என்ன செய்தது? ஒரே மாளிகைக்குப் பதில் ஐந்து இடங்கள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் புரொபசர் லூயிஜியைத் திரும்ப இழுத்துக்கொள்வார். பயம் ஊறுவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி...

2019-இல் மூன்றாம் பாகம் ஒரே ஓட்டலுக்குள் வந்தது. ஆளுக்கொரு குணமுள்ள பேய்களும் திரும்பின. ஆனால் மாடிக்கு மாடி வேஷம் மாறினால், பழகிய இருட்டு ஏது?

நான்காவது என்று ஒன்று வந்தால் மாடிக் கணக்கு வேண்டாம் சாமி. ஒரே வீடு போதும். போன வழியே திரும்பி வரவும் பயப்படணும்!