வெண்ணெய் பூசினா வெடிப்பு போகும், நிறம் போகாது

கார்த்திகை முடிஞ்சு பனி விழ ஆரம்பிச்சதும் சென்னை, பெங்களூரு பக்கமிருந்து ஒரே கேள்விதான் வருது. "அண்ணே, உங்க ஊர்ல பாட்டிங்க கையால செய்யிற கிரீம் கிடைக்குமா? முகத்துக்குப் பூசுறதுக்கு. கெமிக்கல் இல்லாம இருக்கணும். நாலு டப்பா அனுப்புங்க, எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல." அனுப்ப மாட்டேன்னு சொன்னா சிலர் கோவிச்சுக்கிறாங்க. ஏன்னு ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்குப் பதிலா இங்கயே எழுதிடறேன்.

என் கருத்து இதுதான். வீட்டில் செய்யும் கோல்டு கிரீம் நல்ல பொருள். ஆனால் அதற்கு ஒரே ஒரு வேலைதான்: தோல் காயாமல், வெடிக்காமல் பார்த்துக்கொள்வது. அதையே 'வெள்ளையாக்கும் மருந்து' ஆக்கி, லேபிள் இல்லாத டப்பாவில் அடைச்சு, பாட்டி பேரைச் சொல்லி விற்கும்போது அது பாட்டி வைத்தியமும் இல்லை, நல்ல பொருளும் இல்லை.

முதல்ல எங்க ஊர் கதை. செஞ்சியைச் சுத்தி ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை. மூணும் பாறாங்கல் அடுக்கி வச்ச மாதிரி இருக்கும். கோடையில பகல் முழுக்க வெயிலைக் குடிச்சுட்டு ராத்திரி வரைக்கும் அனல் விடும். மார்கழி, தையில விடியக்காலை பனி, பத்து மணிக்கு மேல சுள்ளுன்னு வெயில், கூடவே வறண்ட காத்து. கழனியில நிக்கிறவங்களுக்குக் கன்னம் சொரசொரன்னு ஆயிடும், உதடு வெடிக்கும், குதிகால் பிளக்கும்.

இதுக்கு எங்க ஆயா காலத்துல என்ன பண்ணாங்க? மோர் கடையும்போது கையில ஒட்டின வெண்ணெயை அப்படியே உதட்டுலயும் கன்னத்துலயும் தடவிக்குவாங்க. குதிகாலுக்கு விளக்கெண்ணெய். மல்லாட்டைக் கொல்லையில வரப்போரமா ஆமணக்கு போடுறது எங்க பக்கத்து வழக்கம். அந்தக் கொட்டையில ஆட்டுனதுதான் அது. உடம்புக்கு நல்லெண்ணெய், இல்லன்னா மல்லாட்டை எண்ணெய். மல்லாட்டைன்னா வேர்க்கடலை. மணிலாக்கொட்டைங்கிற பேரு எங்க வாயில தேஞ்சு இப்படி ஆயிடுச்சு.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கருப்பு போகணும்னு எங்க ஆயா எதையும் பூசல. எரிச்சல் போகணும், வெடிப்பு ஆறணும், அவ்வளவுதான். நாத்து நட்டுட்டு வர்ற பொம்பளைக்குக் கருப்பு ஒரு நோயாவே தெரியல. அதை நோயாக்கினது பின்னாடி வந்த விளம்பரங்கள்.

கோல்டு கிரீம் கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சதுன்னு நினைக்காதீங்க. கிட்டத்தட்ட 1,800 வருஷத்துக்கு முன்னாடி ரோமில் இருந்த கிரேக்க மருத்துவர் காலன் பேரைத்தான் இதுக்குச் சொல்வாங்க. தேன்மெழுகை எண்ணெயில் உருக்கி, அதில் பன்னீர் சேர்த்து அடிச்சுக் கலக்குவது அவர் முறை. பிரெஞ்சுக்காரங்க இன்னைக்கும் அதை 'காலனின் மெழுகு' என்றே சொல்றாங்க. தோலில் தடவினதும் அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகிக் குளிர்ச்சி தருவதால்தான் 'கோல்டு' கிரீம் என்று பேர் வந்தது. குளிர்காலத்துக்கான கிரீம் என்பதால் வந்த பேர் இல்லை.

நம்ம ஊரிலும் இதற்குச் சொந்தக்காரங்க உண்டு. ஆயுர்வேதத்தில் 'சததௌத கிருதம்' என்று ஒன்று இருக்கு. நெய்யைச் செம்புப் பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் விட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு 100 முறை கழுவுவது. மஞ்சள் நெய் வெள்ளைவெளேர்னு வெண்ணெய் மாதிரி ஆயிடும். சித்த மருத்துவத்தில் குங்கிலிய வெண்ணெய் இருக்கு. குங்கிலியத்தை நல்லெண்ணெயில் காய்ச்சி, தண்ணீர் விட்டு அடிச்சு எடுப்பது. புண்ணுக்கும் தீக்காயத்துக்கும் பூசுவாங்க. ரோமிலும் சரி, இங்கயும் சரி, சூத்திரம் ஒண்ணுதான்: கொழுப்பும் தண்ணியும் சேர்த்து அடிக்கிறது.

அப்புறம் கம்பெனி ஏன் வந்தது? தாவர எண்ணெயும் நெய்யும் கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடிக்கும். கப்பலில் ஏற்றிக் கடையில் மாசக்கணக்கில் வைக்க முடியாது. அதனால 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலுக்கு மாறினாங்க. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாண்ட்ஸ் நிறுவனம் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோச்சு. கம்பெனிப் பொருள் எல்லாம் விஷம்னு நான் சொல்லப் போறதில்ல. தோலின் ஈரத்தைப் பிடிச்சு வைக்கிறதில் சாதாரண வாசலினை மிஞ்சறது கஷ்டம். வீட்டில் செய்ய நேரமில்லாதவங்க அதையே பூசிக்கலாம், குத்தம் ஒண்ணுமில்ல.

இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி ஏமாற்றம் குறையும். தோலின் மேல்படலம் ஓடு போட்ட கூரை மாதிரி. ஓட்டுக்கு நடுவுல இருக்கிற கொழுப்பு காய்ஞ்சா உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போயிடும். கிரீம் அந்தச் சந்தை அடைக்குது. எண்ணெய் ஈரம் கொடுக்காது. இருக்கிற ஈரத்தைப் போகவிடாம தடுக்கும். அதனாலதான் முகம் கழுவி, துண்டால ஒத்தி எடுத்துட்டு, லேசா ஈரம் இருக்கும்போதே பூசணும். காய்ஞ்ச முகத்துல பூசிட்டு "பலனே இல்ல"ன்னு சொல்லக் கூடாது.

இப்ப செய்முறை. இதுல ரகசியம் எதுவும் இல்ல.

தேன்மெழுகு 10 கிராம், எண்ணெய் 40 கிராம். எண்ணெய் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ, செக்கில் ஆட்டினதா இருந்தா நல்லது. அடுப்பில் நேரா வைக்காதீங்க. ஒரு பாத்திரத்தில் தண்ணியைக் கொதிக்கவிட்டு, அதுக்குள்ள சின்னக் கிண்ணம் வச்சு அதில் ரெண்டையும் போடுங்க. மெழுகு 60 டிகிரி செல்சியஸ் தாண்டினதும் உருகிடும். இறக்கி, ஆறுற வரைக்கும் கரண்டியால் கலக்கிட்டே இருங்க. நல்லாக் கழுவி வெயிலில் காயவச்ச கண்ணாடி பாட்டிலில் எடுத்து வைங்க. எங்க ஊர் சித்திரை வெயிலுக்கு இது இளகி ஓடும். அப்ப மெழுகை 13 கிராம் ஆக்கிக்கலாம். முகம் முழுக்கத் தடவ ஒரு பட்டாணி அளவு போதும்.

காலன் தண்ணி சேர்த்தாரே, நீங்க ஏன் சேர்க்கலைன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. தண்ணி போனா கூடவே கிருமியும் வளரும். பன்னீர், கற்றாழைச் சாறு, ரோஜா இதழ் போட்ட கிரீம் பார்க்க அழகா இருக்கும். சில நாளில் உள்ளே பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறிடும், கண்ணுக்கே தெரியாது. கம்பெனிக்காரன் அதுக்குத்தான் பதப்படுத்தும் பொருள் சேர்க்கிறான். நாம அதைச் சேர்க்கப் போறதில்லன்னா தண்ணியையும் சேர்க்கக் கூடாது. கற்றாழை வேணும்னா தனியா வெட்டி, அன்னைக்கே பூசிட்டு, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடுங்க. வெண்ணெயும் அப்படித்தான், அப்பப்ப எடுத்துத் தடவறதுக்கு மட்டும். மெழுகு கிரீமிலும் ஈரக் கையை விடாதீங்க. ஒண்ணு ரெண்டு மாசத்துக்கு மேல வைக்காதீங்க. சிக்கு வாடை வந்துட்டா அன்னைக்கே வெளியே போட்டுடணும்.

யார் பூசக் கூடாதுன்னும் சொல்லணும். முகப்பரு இருக்கிறவங்க, எண்ணெய் வழியிற முகம் இருக்கிறவங்களுக்கு இது ஆகாது. அதுலயும் தேங்காய் எண்ணெய் துவாரத்தை அடைச்சுப் பருவைக் கூட்டும். மல்லாட்டை விளையிற ஊர்க்காரனா இருந்தும் சொல்றேன், கைக்குழந்தைக்குக் கடலை எண்ணெய் கிரீம் வேண்டாம். கரப்பான், சொறி இருக்கிற குழந்தைத் தோலில் கடலை எண்ணெய் கலந்த கிரீம் பூசுவதற்கும் பின்னாடி வேர்க்கடலை ஒவ்வாமை வருவதற்கும் தொடர்பு இருப்பதாக, இங்கிலாந்துக் குழந்தைகளை வச்சு நடந்த ஆய்வு 2003-ல் வெளியானது. பெரியவங்களும் முதல்ல முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்துட்டு முகத்துக்குப் போங்க. எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா ரெண்டையும் முகத்துப் பக்கமே கொண்டுபோகாதீங்க. எலுமிச்சை பூசின தோலில் வெயில் பட்டா வெந்து கருத்துப்போக வாய்ப்பிருக்கு. இன்னொண்ணு, இந்தக் கிரீம் வெயிலைத் தடுக்காது. எங்களுக்குத் தலைத்துண்டு இருக்கு. நீங்க குடையோ சன்ஸ்கிரீனோ வச்சுக்குங்க.

இனிதான் முக்கியமான விஷயம். வீட்டு மெழுகு கிரீமை நம்பிப் பூசினவங்க பத்து நாளில் "கலர் வரலையே" என்பாங்க. வராது. அடுத்து அவங்க போறது போனில் வரும் விளம்பரத்துக்கு. 'நூறு சதவீதம் மூலிகை, பாட்டியின் பாரம்பரியம், ஏழே நாளில் பளிச்.' டப்பாவில் பேரும் இருக்காது, ஊரும் இருக்காது. பூசினா உண்மையாவே வெளுக்கும். அங்கதான் பயப்படணும். மூலிகையும் வெண்ணெயும் ஏழு நாளில் யாரையும் வெளுக்க வச்சதில்ல. அப்படி வெளுத்தா உள்ளே வேற ஏதோ இருக்கு. பெரும்பாலும் ரெண்டில் ஒண்ணு: பாதரசம், இல்லன்னா ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு களிம்பு மருத்துவர் சொன்ன நோய்க்கு, சொன்ன நாளுக்கு மட்டும் பூசறது. அழகுக்குன்னு மாசக்கணக்கில் பூசினா தோல் காகிதம் மாதிரி மெலிஞ்சு, ரத்தக்குழாய் சிவப்பாத் தெரியும். நிறுத்தினா முகம் எரியும். பாதரசம் அதைவிட மோசம். தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனின் உருவாவதைத் தடுக்கும், அதனால் வெளுக்கும். ஆனா அது தோலோடு நிக்காது. ரத்தத்துக்குப் போய் சிறுநீரகத்தைப் பிடிக்கும்.

இது கற்பனை இல்ல. பக்கத்துக் கேரளாவில், மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தாங்க. அதில் 15 பேருக்கு அந்த நோயின் அரிதான ஒரு வகை. அந்த 15-ல் 13 பேர் நோய் வருவதற்கு முன் சிவப்பழகு கிரீம் பூசினதாச் சொன்னாங்க. முகம் பளிச்சுன்னு ஆகணும்னு ஆசைப்பட்டதைத் தவிர அவங்க செஞ்ச தப்பு என்ன?

சட்டம் இல்லாமல் இல்லை. நம்ம நாட்டின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் முகக் கிரீமில் பாதரசம் சேர்ப்பதைத் தடுக்குது. மினமாட்டா உடன்படிக்கையும் உலக அளவில் அதையே சொல்லுது. ஆனா லேபிள் இல்லாத டப்பாவைச் சட்டம் எங்க போய்த் தேடும்? நீங்கதான் பார்க்கணும். தயாரிப்பாளர் பேர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், சேர்ந்த பொருட்களின் பட்டியல், காலாவதித் தேதி. இதில் ஒண்ணு குறைஞ்சாலும் வாங்காதீங்க, கிராமத்துப் பொருளா இருந்தாலும் சரி. ஏற்கெனவே பூசினவங்களுக்கு முகமோ காலோ வீங்கினா, சிறுநீர் நுரைச்சுப் போனா, அந்த டப்பாவையும் எடுத்துக்கிட்டு மருத்துவரைப் பாருங்க. சிறுநீரில் புரதம் போகுதான்னு பார்க்கிற சோதனை சின்னச் சோதனைதான்.

நான் டப்பா அனுப்பாததுக்குக் காரணமும் இதுதான். விக்கிறதுக்குச் செஞ்சா உரிமம் வேணும், சோதனை வேணும், பொறுப்பு வேணும். "கிராமத்துலேர்ந்து வந்தது" என்பது அதுக்கெல்லாம் மாற்று இல்ல. 2025 ஜூலையில் எங்க கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் ஊருக்கு வர்றவங்க கூடியிருக்காங்க. நாளைக்குக் கோட்டை வாசலிலேயே 'செஞ்சி மூலிகை கிரீம்'னு யாராவது கடை போட்டாலும் இதே கேள்விகளைத்தான் கேட்கச் சொல்வேன்.

எங்ககிட்ட வாங்கணும்னு ஆசைப்பட்டா, செக்கு எண்ணெய் வாங்குங்க. தேனீப் பெட்டி வச்சிருக்கிறவங்ககிட்ட தேன்மெழுகு வாங்குங்க. எங்களுக்கும் நாலு காசு கிடைக்கும், உங்களுக்கும் என்ன பூசறோம்னு தெரியும். கலக்கறது அரை மணி நேர வேலை. பசங்களையும் கூட உட்கார வச்சுக்குங்க. மெழுகு உருகுறப்ப, "இது வெடிப்புக்கு, நிறத்துக்கு இல்ல. உன் நிறத்துக்கு எந்த மருந்தும் தேவையில்ல"ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.