கணக்கில் ஏறும் கிரெடிட், பட்டத்தில் ஏறாதபோது

டெக்சாஸ் மாநில உயர்கல்வி ஒருங்கிணைப்பு வாரியத்தின் ஆணையர் அவர்களுக்கு,

டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் கல்லூரிப் பாடம் ஒன்றைப் படித்துத் தேறினால், அது அவருடைய பள்ளிக் கணக்கிலும் கல்லூரிக் கணக்கிலும் ஒருசேரப் பதிவாகிறது. டூயல் கிரெடிட் என்று பள்ளிகளில் வழங்கும் முறை இதுதான். பதினொன்றாம் வகுப்பில் ஹிஸ்டரி 1301, 1302 இரண்டையும் முடிப்பவருக்குப் பள்ளியின் அமெரிக்க வரலாறு முடிந்துவிடுகிறது. கல்லூரியின் ஆறு கிரெடிட் மணிகளும் கைக்கு வந்துவிடுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் இங்கிலீஷ் 1301, 1302 படித்தாலும் அப்படியே. இந்த எண்கள் மாநிலம் முழுவதற்கும் பொதுவானவை. முதல் இலக்கம் பாடத்தின் நிலையைச் சொல்கிறது, இரண்டாவது அதன் கிரெடிட் மணியை. எல் பாசோவில் படித்த 1301 ஹூஸ்டனிலும் 1301 ஆகவே மதிக்கப்படுகிறது. இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 மணிகள் வேண்டும். அவற்றில் 42 மணிகள் எல்லாத் துறையினரும் படிக்க வேண்டிய அடிப்படைப் பாடத்தொகுதி. பள்ளியில் இருக்கும்போதே அந்த 42 மணிகளையும் முடிக்க விரும்புகிறவருக்குச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. எத்தனை பாடம், எந்த வகுப்பிலிருந்து என்ற வரம்புகளை 2015-இல் ஹவுஸ் பில் 505 நீக்கிவிட்டது.

பள்ளியிலேயே கல்லூரிப் பாடம் என்ற ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் நீண்ட வரலாறு உண்டு. மே மாதத்தில் பொதுத் தேர்வு வைத்து 1 முதல் 5 வரை மதிப்பெண் தரும் ஏபி திட்டம் 1955-56 கல்வியாண்டிலிருந்து காலேஜ் போர்டின் பொறுப்பில் நடந்துவருகிறது. தொடக்கத்தில் அது முன்வரிசை மாணவர்களுக்கான ஏற்பாடு. 1974-இல் நியூயார்க்கின் லகார்டியா கம்யூனிட்டி காலேஜில் தொடங்கிய மிடில் காலேஜ் உயர்நிலைப் பள்ளி வேறோர் எண்ணத்தோடு வந்தது. படிப்பைப் பாதியில் விட்டுவிடக்கூடிய பிள்ளைகளைக் கல்லூரி வளாகத்திலேயே படிக்க வைத்தால் அவர்கள் நிலைத்து நிற்பார்கள் என்று அது நம்பியது. 1985-இல் மின்னசோட்டா, பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பினர் கல்லூரிக்குப் போய்ப் படிக்கும் செலவை அரசே ஏற்கும் சட்டத்தை இயற்றியது. 2022-23 கல்வியாண்டில் நாடு முழுவதும் ஏறத்தாழ 25 லட்சம் பள்ளி மாணவர்கள் கல்லூரிப் பாடங்களைப் படித்தார்கள்.

மிடில் காலேஜின் அந்த எண்ணத்தைத் துணிந்து கையில் எடுத்த மாநிலம் டெக்சாஸ். அதன் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில், பெற்றோரில் பலர் கல்லூரிப் படியேறியதில்லை. அங்கே ஹிடால்கோ பள்ளி மாவட்டம், பொறுக்கி எடுத்த சிலரை விட்டுவிட்டுத் தன் மாணவர் அனைவரையும் கல்லூரிப் பாதையில் சேர்ப்பது என்று 2000-களின் நடுவில் முடிவெடுத்தது. இன்று மாநிலமெங்கும் உள்ள எர்லி காலேஜ் உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்களால் 60 கிரெடிட் மணிகள் வரை கட்டணமின்றிச் சேர்க்க முடிகிறது. பள்ளிச் சான்றிதழ் வாங்கும் அதே கோடையில் இரண்டாண்டுக் கல்லூரிப் பட்டத்தையும் வாங்கும் பிள்ளைகள் அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். பொதுக் கல்வியின் அண்மைக்கால வரலாற்றில் இதற்கு இணையான சாதனைகள் குறைவு.

2023-இல் நிறைவேறிய ஹவுஸ் பில் 8 இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுசென்றது. அந்தச் சட்டத்தின் வழியே வந்த ஃபாஸ்ட் திட்டத்தில், வருவாய் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் திட்டத்தில் சேர்ந்துள்ள கல்லூரிகளில் கட்டணமின்றி டூயல் கிரெடிட் பாடம் படிக்கலாம். இரண்டாண்டுக் கல்லூரிகளான கம்யூனிட்டி காலேஜ்களுக்கு மாநிலம் பணம் தரும் முறையும் மாறியது. முன்பு எத்தனை பேர் எத்தனை மணி வகுப்பில் இருந்தார்கள் என்பது பெரிதாக எண்ணப்பட்டது. இப்போது அவர்கள் எதை முடித்தார்கள் என்பது எண்ணப்படுகிறது. பள்ளி மாணவர் ஒருவர் குறைந்தது 15 மணிகளை முடித்தால் கல்லூரிக்குப் பணம் வரும். அந்த மணிகள் ஒரு பட்டத்துக்கோ தொழிற்படிப்புக்கோ பொருந்துபவையாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

சட்டத்தை எழுதியவர்கள் நோயைச் சரியாகவே அறிந்திருக்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகம் கிரெடிட்டை ஏற்றுக்கொள்வது வேறு. அது மாணவர் சேர்ந்த பட்டத்தின் தேவைகளில் ஒன்றைத் தீர்ப்பது வேறு. இந்த இடைவெளியில்தான் பள்ளிப் பிள்ளைகளின் உழைப்பு கரைகிறது. கல்லூரி அல்ஜீப்ரா, அதாவது மேத் 1314, டூயல் கிரெடிட்டில் பரவலாக எடுக்கப்படும் கணக்குப் பாடம். பொறியியல் பட்டமோ கால்குலஸிலிருந்து, மேத் 2413-இலிருந்து தொடங்குகிறது. பொறியியல் படிக்கப்போகும் மாணவி 1314-ஐ முடித்துவிட்டு வந்தால் பல்கலைக்கழகம் அதை மறுக்காது. டிரான்ஸ்கிரிப்டில் மூன்று மணி ஏறும். பட்டத்துக்கு அவர் படிக்க வேண்டிய பாடங்களில் ஒன்றுகூடக் குறையாது. உயிரியலிலும் இதே கதைதான்: 1406 அந்தத் துறையிலேயே சேர்பவர்களுக்கு, 1408 மற்றவர்களுக்கு. மருத்துவக் கனவோடு இருக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பள்ளியின் பட்டியலில் 1408 மட்டும் இருந்தால், அவர் அதைப் படித்துவிட்டுக் கல்லூரியில் 1406-ஐ மறுபடி எடுக்க நேரும்.

42 மணித் தொகுதியை முழுமையாக முடித்து வருபவரிடம் அரசுப் பல்கலைக்கழகம் வேறு அடிப்படைப் பாடங்களைக் கேட்கக்கூடாது என்ற பாதுகாப்பு இருக்கிறது. அது நல்ல பாதுகாப்பு. ஆனால் தொகுதிக்குள் எந்தக் கணக்கு, எந்த அறிவியல் என்பது மாணவரின் தேர்வு. கால்குலஸும் இயற்பியலும் அதற்குள் அமையும்படி தேர்ந்தவர் இரண்டாம் ஆண்டு மாணவரைப் போலப் பொறியியலில் நுழைகிறார். அல்ஜீப்ராவும் எளிதில் கிடைத்த அறிவியல் பாடங்களும் எடுத்தவர், 42 மணிகள் கையில் இருந்தும், முதலாண்டின் கணக்கிலும் இயற்பியலிலும் முதல் நாளிலிருந்தே தொடங்குகிறார். இருவரும் உழைத்தது ஒரே அளவுதான். ஒருவருக்குச் சொல்ல ஆள் இருந்தது, மற்றவருக்கு இல்லை.

இந்த வேறுபாடு எங்கே விழுகிறது என்பதைத் தமிழ்க் குடும்பங்களைப் பார்த்தாலே தெரியும். டல்லஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, பிளேனோ, ஹூஸ்டனை அடுத்த கேட்டி, ஷுகர்லேண்ட், ஆஸ்டினுக்கு மேலே ரவுண்ட் ராக் ஆகிய ஊர்களில் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். பிளஸ் டூ முடியும்வரை கல்லூரிப் பாடம் என்ற பேச்சே இல்லாத முறையில் படித்து வந்த பெற்றோருக்கு இது புதிய உலகம். ஆனாலும் அவர்களில் பலர் பட்டதாரிகள், பொறியாளர்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நேரத்திலும் வாட்ஸ்ஆப் குழுக்களிலும், எந்த எண் எந்தத் துறைக்கு ஆகும் என்ற தகவல் கைமாறிவிடுகிறது. ஃபாஸ்ட் திட்டம் யாருக்காக வந்ததோ அந்தக் குடும்பங்களுக்கு அப்படிப்பட்ட சுற்றம் இல்லை. அவர்களுக்கு இருப்பது பள்ளி கவுன்சலர் ஒருவரே. ஒரு கவுன்சலருக்கு 250 மாணவர் என்பது அமெரிக்கப் பள்ளி கவுன்சலர் சங்கத்தின் பரிந்துரை. அந்த அளவுக்குள் நின்றாலும், ஒவ்வொருவரின் பட்டத்துக்கும் ஏற்ற பாடத்தை ஒருவரே தேடித் தருவது நடக்கிற காரியமல்ல. கட்டணத்தை நீக்கிவிட்டு வழிகாட்டுதலை மட்டும் தெரிந்தவர்களின் தயவில் விடுவது, இந்தத் திட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது.

2019-இல் வந்த செனட் பில் 25, டூயல் கிரெடிட் மாணவர்கள் தாங்கள் படிக்கப்போகும் பட்டத்துக்கான பாடத்திட்டத்தை எழுதித் தாக்கல் செய்ய வேண்டும் என்று விதித்தது. ஆனால் அந்தக் கடமை 15 மணிகள் சேர்ந்த பிறகே தொடங்குகிறது. அதற்கும் மேலே தவணை உண்டு. பதினைந்து மணி என்றால் ஐந்து பாடங்கள். தவறான கணக்கும் தவறான உயிரியலும் எடுக்கப்படுவது பெரும்பாலும் அந்த ஐந்துக்குள்ளேதான். திட்டம் முதல் பாடத்துக்கு முன்பே எழுதப்பட வேண்டும். பதினைந்து வயதில் துறையை உறுதிசெய்ய முடியாது என்ற மறுப்பு நியாயமானதே. அதனால் ஒரே துறையில் கட்டிப்போட வேண்டியதில்லை. கணக்கு சார்ந்த படிப்புகள், மருத்துவம் சார்ந்தவை, வணிகம், கலை என்று சில பெரும்பிரிவுகள் போதும். துறை தெரியாத பிள்ளைக்கு எல்லாப் பட்டத்துக்கும் பொருந்தும் ஹிஸ்டரி 1301-ஐயும் இங்கிலீஷ் 1301-ஐயும் முதலில் தரலாம். பிரிவைப் பொறுத்து மாறும் கணக்கையும் அறிவியலையும் பிறகு வைத்துக்கொள்ளலாம். வரிசையை மாற்றுவதற்குச் செலவில்லை.

மதிப்பெண் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏபி தேர்வில் 2 வாங்கினால் கிரெடிட் கிடைக்காது, கல்லூரி டிரான்ஸ்கிரிப்டிலும் அதன் தடம் இருக்காது. டூயல் கிரெடிட்டில் வாங்கும் டி அல்லது எஃப் கல்லூரியின் நிரந்தரப் பதிவில் ஏறுகிறது. டெக்சாஸ் மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரிகளின் பொது விண்ணப்ப அமைப்பு, பள்ளியில் எடுத்த கல்லூரிப் பாடங்களின் மதிப்பெண்ணையும் சராசரியில் சேர்க்கிறது. பதினைந்து வயதில் வந்த ஒரு மோசமான செமஸ்டர் இருபத்திரண்டு வயதின் விண்ணப்பத்தில் நிற்கும். இதைப் பாடத்தில் சேரும் நாளிலேயே மாணவருக்கும் பெற்றோருக்கும் எழுத்தில், ஸ்பானிஷ் உள்ளிட்ட வீட்டு மொழிகளில் சொல்லியாக வேண்டும். மாற்று வழிக்கு மாதிரியும் மாநிலத்திலேயே இருக்கிறது: ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆன்ராம்ப்ஸ் திட்டத்தில், கல்லூரி மதிப்பெண்ணைப் பார்த்த பிறகே அந்தக் கிரெடிட்டை ஏற்பதா வேண்டாமா என்பதை மாணவர் முடிவுசெய்கிறார். இதே உரிமையை, முதல் இரண்டு பாடங்களுக்காவது, கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கும் தரலாம்.

வகுப்பில் மாணவர் பெறும் தரவரிசைக்கும் இதில் பங்குண்டு. மேல் 10 விழுக்காட்டு மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் தரும் சட்டம் 1997-இல் வந்தது. ஆஸ்டின் வளாகம் 2026 இலையுதிர்ப் பருவத்திலிருந்து மேல் 5 விழுக்காட்டினரையே அப்படிச் சேர்க்கிறது. டூயல் கிரெடிட்டுக்கு எத்தனை கூடுதல் புள்ளி, ஏபிக்கு எத்தனை என்பதைப் பள்ளி மாவட்டங்களே முடிவுசெய்கின்றன. ஏபிக்கு அதிகம் தரும் மாவட்டத்தில் பிள்ளைகள் கிரெடிட்டின் பயனைப் பார்க்காமல் புள்ளியைப் பார்த்துப் பாடம் தேர்கிறார்கள். இது வாரியத்தின் கைக்குள் அடங்கியதல்ல. மாநிலக் கல்வி முகமையோடு சேர்ந்து பேச வேண்டியது.

ஆசிரியர் பற்றாக்குறையும் அப்படித்தான். கல்லூரிப் பாடம் நடத்துபவருக்கு முதுகலைப் பட்டமும் அந்தத் துறையில் குறைந்தது 18 முதுநிலை கிரெடிட் மணிகளும் வேண்டும் என்பது தெற்கு மாநிலக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஆணையத்தின் வழிகாட்டுதல். சிறிய ஊர்ப் பள்ளிகளில் அப்படி ஒருவர் கணக்குக்குக் கிடைப்பது அரிது. அங்கே கால்குலஸ் பட்டியலில் இல்லாமல் அல்ஜீப்ரா மட்டும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தர விதியைத் தளர்த்துவது தீர்வாகாது. பணியில் இருக்கும் ஆசிரியர்கள் அந்த 18 மணிகளை முடிக்க உதவித்தொகை தருவது தீர்வாகும்.

பட்டத் திட்டத்தை முதல் பாடத்துக்கு முன்னே கொண்டுவரச் சட்டத் திருத்தம் தேவைப்படலாம். சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டம் ஒற்றைப்படை ஆண்டுகளின் ஜனவரியில்தான் தொடங்குகிறது என்பதால், வாரியத்தின் பரிந்துரை அதற்கு முன்பே தயாராக வேண்டும். அதுவரையிலும் விதி அளவில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்களின் எந்தப் பாடங்களுக்குக் கிரெடிட் தரவில்லை, எவற்றை அவர்களின் துறைக்குக் கணக்கில் எடுக்கவில்லை என்று அரசுப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளது. பள்ளியிலிருந்து நேரே சேர்பவர்களிடமிருந்து ஏற்றுக்கொண்டும் பட்டத்துக்குக் கணக்கில் எடுக்காத டூயல் கிரெடிட் பாடங்களையும் அந்த அறிக்கையில் பாட எண்வாரியாக, துறைவாரியாகச் சேர்க்கச் சொல்லலாம். மேத் 1314 எத்தனை பொறியியல் மாணவர்களுக்கு வீணாயிற்று, பயாலஜி 1408 எத்தனை பேரை மறுபடி படிக்க வைத்தது என்பது ஒரே ஆண்டில் தெரிந்துவிடும். அந்தப் பட்டியலை 50 கம்யூனிட்டி காலேஜ் மாவட்டங்களுக்கும், அவற்றோடு ஒப்பந்தம் செய்துள்ள பள்ளி மாவட்டங்களுக்கும், அடுத்த ஆண்டுப் பாடப் பதிவு தொடங்குவதற்கு முன் அனுப்ப வேண்டும்.